செடிகள் வளரும் மூன்றடி மீன் தொட்டியில் ஆறு ஆண்டுகள்: எந்த மீன் எதனோடு ஒத்துப்போனது

2019 ஆகஸ்ட் மாதம் எங்கள் வீட்டுக் கூடத்தில் மூன்றடி நீளமும் ஒன்றேகாலடி அகலமும் அதே உயரமும் கொண்ட கண்ணாடித் தொட்டியை வைத்தேன். மணலும் கல்லும் மரக்கட்டையும் அடைத்துக்கொண்ட இடம் போக, அதில் ஏறத்தாழ 110 லிட்டர் தண்ணீர் நிற்கிறது. வீடு சென்னையில், மொட்டை மாடிக்கு நேர்கீழே இருப்பதால், மே மாதப் பிற்பகல்களில் தொட்டி நீரின் வெப்பம் 32 டிகிரியைத் தொட்டுவிடும். எங்கள் போர்வெல் தண்ணீரின் டிடிஎஸ் (நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு) 600க்குக் கீழே இறங்கியதில்லை, பிஹெச் 7.8. இவற்றை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. எந்த மீனோடு எந்த மீனை விடலாம் என்று கேட்பவர்கள், எது எதைக் கடிக்கும் என்பதைத்தான் பெரும்பாலும் தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள். என் தொட்டியில் இறந்த மீன்களிலோ கடிபட்டு இறந்தவை சிலவே; மற்றவை ஒவ்வாத நீரிலும் வெப்பத்திலும் நாள்பட நலிந்து இறந்தன.

மீன் விடுவதற்கு முன் ஐந்து வாரம் ஃபில்டரை ஓடவிட்டு, மீன்களுக்கு நஞ்சாகும் அமோனியாவும் நைட்ரைட்டும் சுழியத்துக்கு வந்ததைச் சோதித்துப் பார்த்த பிறகே முதல் தொகுதியை வாங்கினேன். பதினைந்து நியான் டெட்ரா, தரையில் இரை தேடும் மீசை மீனான பெப்பர் கோரிடோரஸ் ஆறு, ஐந்து ரூபாய் நாணய அளவில் இரண்டு ஏஞ்சல், ஒரு சக்கர் மீன். கடைக்காரர் இவையெல்லாம் சாதுவானவை என்றார். குணத்தைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் நியான் டெட்ரா அமேசானின் மேல்பகுதியில், தாதுக்கள் மிகக் குறைந்த மென்னீரில் வாழும் மீன். அதற்கு 20 முதல் 26 டிகிரி வரையிலான வெப்பமே ஏற்றது. பெப்பர் கோரிடோரஸ் அதைவிடக் குளிர்ச்சியை நாடுவது. சார்லஸ் டார்வின் பீகிள் பயணத்தின்போது தென் அமெரிக்காவின் தென்பகுதியில் சேகரித்த மீன்களுள் இதுவும் ஒன்று, 1842இல் அறிவியல் பெயர் பெற்றது. அத்தகைய மீனைச் சென்னைக் கோடையில் வளர்க்க முனைந்தது என் பிழை. 25 டிகிரி நீரில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும் என்றால், 32 டிகிரியில் அது 7.3 மில்லிகிராம் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. மீனின் உடலோ வெப்பம் ஏற ஏறக் கூடுதலான ஆக்சிஜனைக் கேட்கிறது. 2020 மே முடிவதற்குள் ஆறு கோரிடோரஸும் போய்விட்டன. நியான்கள் நிறம் வெளிறி, வாரத்துக்கு ஒன்றாகக் குறைந்தன.

எஞ்சியிருந்த ஐந்து நியான்களை ஏஞ்சல்கள் தின்றன. ஏஞ்சல் மீனைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. வாய்க்குள் அடங்குவதை விழுங்குவது அதன் இயல்பு. வளர்ந்த ஏஞ்சலின் வாய்க்கு நியானின் மெல்லிய உடல் சரியாகப் பொருந்துகிறது. கடையில் பார்க்கும் அளவை மறந்துவிட்டு முழு வளர்ச்சியில் அதன் வாய் எவ்வளவு இருக்கும் என்று பார்க்க வேண்டும் என்பதை அப்போதுதான் கற்றேன். சக்கர் மீன் பாசியைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைத்திருக்கும் என்று சொல்லி விற்கப்பட்டது. ஒரே ஆண்டில் ஓர் அடி நீளத்துக்கு வளர்ந்து, இரவுதோறும் வேரூன்றாத செடிகளைப் பெயர்த்துப் போட்டு, தின்றதைவிட அதிகமான கழிவைச் சேர்த்தது. பெரிய சிமெண்ட் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் அதை ஒப்படைத்தேன். வளர்க்க முடியாத சக்கர் மீனை ஏரியிலோ ஆற்றிலோ விட்டுவிடாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். நம் நீர்நிலைகளில் அது ஏற்கெனவே பெருகி, நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதன் முள்துடுப்புகள் மீனவர்களின் வலைகளைக் கிழிக்கின்றன.

இரண்டாம் முறை நீருக்கு ஏற்ற மீனைத் தேடினேன். கப்பிக்குக் கடினநீர் மிகவும் பிடிக்கும். எங்கள் போர்வெல் தண்ணீரை ஏதும் கலக்காமல் ஊற்றினாலும் அவை செழித்தன. அவற்றோடு எட்டு டைகர் பார்ப்களை விட்டது தவறாகிப் போனது. கூட்டமாக இருந்தால் டைகர் பார்ப்கள் தமக்குள்ளேயே துரத்திக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடும் என்பது ஓரளவுக்கு மெய்; ஆயினும் விசிறிபோல் ஆடும் வால் கண்ணில் பட்டால் அந்தக் கட்டுப்பாடு நிற்பதில்லை. பத்து நாளில் ஆண் கப்பிகளின் வால்கள் கிழிந்து நூல்நூலாகத் தொங்கின. பார்ப்களை வேறு தொட்டிக்கு மாற்றிய பின் கப்பிகள் பெருகிய வேகத்தில் 110 லிட்டரும் போதாமல் ஆனது. கப்பி வளர்க்க விரும்பும் புதியவர்களுக்கு ஆண்களை மட்டும் வாங்கும்படி சொல்வேன்.

இப்போது இருக்கும் தொகுதி 2021 செப்டம்பரில் தொடங்கியது. அதற்கு முன் வீட்டு ஆர்ஓ தண்ணீரையும் போர்வெல் தண்ணீரையும் சம அளவில் கலந்து டிடிஎஸ்ஸை 330 அளவுக்குக் கொண்டுவந்தேன். வாரந்தோறும் கால் பங்கு நீரை மாற்றும்போதும் அதே கலவைதான். கோடையில் நீர்ப்பரப்பின் மேல் காற்று வீசும் சிறு மின்விசிறி வெப்பத்தை இரண்டு டிகிரி வரை குறைக்கிறது. கடற்காற்றின் ஈரம் கூடிய நாள்களில் அந்த அளவும் குறைவதில்லை.

நடுமட்டத்தில் பத்து செர்ரி பார்ப்கள். இது இலங்கைக்கே உரிய மீன். அந்நாட்டின் தென்மேற்கு ஈரவலயத்து நிழல் ஓடைகளில் வாழ்வது. டைகர் பார்ப்பின் உறவு என்பதற்காக இதை ஒதுக்குபவர்கள் உண்டு, ஆனால் நான்கு ஆண்டுகளில் இது ஒரு துடுப்பைக்கூடக் கடித்து நான் பார்த்ததில்லை. ஓர் ஆணுக்கு இரண்டு பெண் என்ற கணக்கில் வாங்கினால் ஆண்களின் துரத்தல் ஒரே பெண்ணின் மேல் விழாது. பாசிக் கொத்துக்குள் பிழைத்து வளர்ந்த குஞ்சுகளால் எண்ணிக்கை இன்றும் பத்துக்குக் குறையவில்லை.

மேல்மட்டத்தில் ஓர் ஆணும் இரண்டு பெண்ணுமாக ஹனி கௌராமி. கங்கை, பிரம்மபுத்திரா படுகைகளைச் சேர்ந்த இம்மீன் பரப்புக்கு வந்து நேரடியாகக் காற்றைச் சுவாசிக்க வல்லது. ஆக்சிஜன் குறையும் நம் கோடைக்கு இதைவிடப் பொருத்தமான சிறிய மீனை நான் அறியேன். மிதக்கும் செடிகளுக்கு அடியில் ஆண் மீன் நுரைக்கூடு கட்டும் நாள்களில் மட்டும் சற்றுக் கடுமை காட்டும். குள்ள கௌராமியின் இரு ஆண்கள் ஒரே தொட்டியில் போடும் சண்டையோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

அடிமட்டத்தில் ஆறு ஸ்டெர்பை கோரிடோரஸ். இவ்வினம் 28 டிகிரி வரை இயல்பாகவே தாங்கும். அதற்கு மேல் போகும் சில வாரங்களில் ஏர் பம்பை இரவும் பகலும் ஓடவிடுகிறேன். முதலில் கூரிய சரளையின் மேல் விட்டபோது மீசைகள் தேய்ந்து குட்டையாயின. சரளையை எடுத்துவிட்டுச் சலித்த ஆற்று மணலைப் பரப்பிய சில மாதங்களில் அவை மீண்டும் வளர்ந்தன.

செடிகளில் இலங்கையைச் சேர்ந்த கிரிப்டோகோரைன் வெண்டியும், ஜாவா ஃபெர்னும், அனுபியாஸும் நிலைத்தன. மீன்களின் உறவில் செடிக்குப் பெரிய பங்கு இருக்கிறது: துரத்தப்படும் மீன் பார்வையிலிருந்து மறைய ஓர் இலைத்திரை இருந்தால் துரத்தல் அங்கேயே முடிந்துவிடுகிறது. ஒரு காலத்தில் செடிகளின் வளர்ச்சிக்காகச் சிலிண்டரிலிருந்து கார்பன் டை ஆக்சைடும் செலுத்தினேன். 2022 ஏப்ரலில் ஓர் இரவு வால்வை மூட மறந்தேன். இரவில் செடிகள் கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்ளாமல் ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால், விடியற்காலையில் பார்ப்கள் யாவும் பரப்பில் வாய்பிளந்து நின்றன, மூன்று இறந்தன. அன்றே சிலிண்டரைக் கழற்றிவிட்டேன். வளர்ச்சி மெதுவானதைத் தவிர இச்செடிகளுக்குக் குறை ஏதும் நேரவில்லை.

அண்மையில் என் தங்கை, மிஸ் கேரளா மீன் நான்கைந்து விட்டால் தொட்டி இன்னும் அழகாக இருக்குமே என்றாள். அழகில் ஐயமில்லை. ஆனால் அது மேற்குத் தொடர்ச்சி மலையின் விரைந்தோடும் நீரில் கூட்டமாக நீந்தும் மீன். நான்கு அங்குலத்துக்கு மேல் வளரும். அழியும் அபாயத்தில் உள்ள இனமாக, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐயுசிஎன்னின் பட்டியலில் இடம்பெற்றிருப்பது. மூன்றடி நீளத்தில் அது ஒருமுறை உந்துவதற்குள் எதிர்க்கண்ணாடி வந்துவிடும். அதன் பாய்ச்சலில் ஹனி கௌராமிகள் இரைக்கே வெளியில் வரமாட்டா. இதை அவளுக்கு விளக்கிச் சொன்னேன். நுரைக்கூட்டின் கீழ் காவல் நின்ற கௌராமியைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இவையே போதும் என்று சொல்லிவிட்டாள்.