மருந்துக் கடை ஓ.ஆர்.எஸ்.: பவுடரா, டெட்ரா பேக்கா?

வயிற்றுப்போக்குக்கு மருந்துக் கடையில் ஓ.ஆர்.எஸ். (உடம்பு இழந்த நீரை ஈடுகட்டும் உப்பு-சர்க்கரைக் கலவை) கேட்டால் இரண்டு வகைச் சரக்கு கைக்கு வரும். ஒன்று, ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்கிற பவுடர் பொட்டலம், 20 ரூபாய் சொச்சம். இன்னொன்று, ஸ்ட்ரா குத்திக் குடிக்கிற 200 மில்லி டெட்ரா பேக். எங்கள் ஓட்டு பவுடருக்குத்தான். மலிவு என்பதற்காக அல்ல, உள்ளே இருக்கும் விகிதத்துக்காக.

பொட்டலத்தின் பின்பக்கம் பாருங்கள். சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம், டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் சர்க்கரை) 13.5 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2002-ல் திருத்திய அளவு இது. லிட்டரில் கரைத்தால் செறிவு, அதாவது கரைந்திருக்கும் துகள்களின் அளவு, 245 மில்லிஆஸ்மோல். ரத்தத்தின் செறிவு 275 முதல் 295. கரைசல் ரத்தத்தைவிட நீர்த்திருப்பதால் தண்ணீர் குடலிலிருந்து ரத்தத்துக்குள் போவது சுலபமாகிறது. பழைய கலவை 311 இருந்தது. திருத்திய பிறகு குழந்தைகளுக்கு வாந்தியும் குறைந்தது, டிரிப்ஸ் ஏற்றவேண்டிய தேவையும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

உப்புக் கரைசலில் சர்க்கரைக்கு என்ன வேலை? ஒரு நாளில் உமிழ்நீர், பித்தநீர், குடித்த தண்ணீர் எல்லாம் சேர்ந்து 8, 9 லிட்டர் திரவம் குடலுக்குள் இறங்குகிறது; மலத்தோடு வெளியேறுவது 100, 200 மில்லிதான். மீதி முழுக்க உறிஞ்சப்படுகிறது. சிறுகுடல் சுவரில் எஸ்.ஜி.எல்.டி.1 என்றொரு புரதம் இருக்கிறது. அது ஒரு குளுக்கோஸ் மூலக்கூறோடு இரண்டு சோடியத்தைச் சேர்த்துத்தான் உள்ளே விடும். பின்னாலேயே தண்ணீர் போகும். காலரா நச்சு குடலிலிருந்து நீரை வெளியே கொட்ட வைத்தாலும் இந்தப் புரதத்தை ஒன்றும் செய்வதில்லை. 1971-ல் வங்கதேச அகதிகள் குவிந்த மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில், சலைன் தீர்ந்துபோன நிலையில் டாக்டர் திலீப் மகாலானாபிஸ் நம்பியது இதைத்தான். டிரம்களில் கரைத்து வாய்வழியே கொடுத்தார். 30 சதவீதத்தைத் தொட்ட இறப்பு விகிதம் 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது.

இனி டெட்ரா பேக். ஓ.ஆர்.எஸ். மாதிரிப் பெயர் வைத்து விற்ற பல பானங்களில் சர்க்கரை பல மடங்கு, சோடியம் சொற்பம். மிஞ்சிய சர்க்கரை குடலில் தங்கித் தண்ணீரை வெளியே இழுக்கும், போக்கு கூடும். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருஷம் போராடிய பிறகு, 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் இந்தப் பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். வரக்கூடாது என்று உத்தரவிட்டது. டெட்ரா பேக்கிலும் சரியான கலவை கிடைக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. லேபிளில் மேலே சொன்ன அளவும் 'ஐ.பி.' (இந்திய மருந்துத் தர நூலின்படி) என்ற குறியும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பவுடரிலும் குறை உண்டு. அளவுக் கப் தருவதில்லை, வீட்டு டம்ளர் ஒவ்வொன்றும் ஒரு அளவு. ஒரு லிட்டர் வாட்டர் பாட்டிலால் அளந்து, கொதித்து ஆறிய தண்ணீரைப் பாத்திரத்தில் ஊற்றி, முழுப் பொட்டலத்தையும் கொட்டித் தெளியும்வரை கலக்குங்கள். பாதிப் பாதியாகப் போடக்கூடாது; எந்தப் பாதியில் எந்த உப்பு எவ்வளவு விழும் என்று யாருக்கும் தெரியாது. சின்னக் குழந்தை மட்டும் இருக்கிற வீட்டுக்கு 200 மில்லிப் பொட்டலம் வசதி. கரைத்ததை 24 மணி நேரத்தில் தீர்க்க வேண்டும், சூடாக்கக்கூடாது. பாலோ ஜூஸோ கூடுதல் சர்க்கரையோ சேர்த்தால் விகிதம் போச்சு.

அடிக்கடி நடக்கும் ஆபத்து, லிட்டர் பொட்டலத்தை ஒரே டம்ளரில் கரைப்பது. சோடியம் ஐந்து மடங்காகிவிடும். ரத்த சோடியம் இயல்பு அளவான 135-145-ஐத் தாண்டி ஏறினால் குழந்தைக்கு வலிப்புகூட வரலாம். நாக்கில் வைத்துப் பாருங்கள்: கண்ணீரைவிட உப்புக் கரித்தால் கொட்டிவிடுங்கள்.

அளவு: இரண்டு வயதுக்குள் ஒவ்வொரு போக்குக்கும் 50-100 மில்லி, பத்து வயதுவரை 100-200, பெரியவர்கள் வேண்டியமட்டும். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனாக. நீர் வற்றிய குழந்தை இதை ஆவலாகக் குடிக்கும், தேறியதும் முகம் சுளிக்கும். தாகத்தைக் கூட்டிக் குறைப்பது மூளையின் ஹைப்போதலாமஸ். மிஞ்சியதைக் கழிப்பது சிறுநீரகம். அதனாலேயே சிறுநீரகக் கோளாறோ இதய பலவீனமோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. வெயிலுக்கு தினமும் குடிக்கிற பானமும் அல்ல, லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, ஒரு நாள் வரம்பில் பாதி.

பொட்டலத்தில் துத்தநாகம் கிடையாது. குழந்தைகளுக்கு ஜிங்க் மருந்து 14 நாள் தனியாகத் தர வேண்டும், ஆறு மாதத்துக்கு மேல் 20 மில்லிகிராம். இரண்டும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். கண் குழிந்து, ஆறு மணி நேரம் சிறுநீர் போகாமல், துவண்டு கிடந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ பொட்டலத்தை நம்பி வீட்டில் உட்காராதீர்கள். ஊட்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.