குரோத்தா, டிவிடெண்டா? ஒரே ஃபண்டுக்கு இரண்டு விதமான வரி

ஒரே மியூச்சுவல் ஃபண்ட், ஒரே மேனேஜர், உள்ளே இருப்பதும் அதே பங்குகள்தான். ஆனால் விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தில் டிக் அடிக்கிறோம் என்பதைப் பொறுத்து வரி மாறிவிடுகிறது. குரோத் ஒன்று. இன்னொன்று, 2021 ஏப்ரல் முதல் ஐ.டி.சி.டபிள்யூ. என்று அழைக்கப்படும், அவ்வப்போது கையில் பணம் தரும் பழைய டிவிடெண்ட் ஆப்ஷன்.

குரோத்தில் லாபம் ஃபண்டுக்குள்ளேயே சேர்ந்துகொண்டிருக்கும். யூனிட்டை விற்கும் வரை ஒரு பைசா வரி இல்லை. பங்கு சார்ந்த ஃபண்டை 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால், ஒரு நிதியாண்டில் ரூ.1.25 லட்சம் வரையிலான லாபத்துக்கு வரி கிடையாது. அதற்கு மேல் 12.5%. 12 மாதத்துக்குள் விற்றால் 20%. இது 2024 ஜூலை 23 முதல் உள்ள நிலவரம்.

டிவிடெண்டுக்கு இந்தச் சலுகையே இல்லை. 2020 ஏப்ரல் முதல் அது சம்பளம், வட்டியோடு சேர்ந்து அவரவர் வரி வரம்புப்படி கணக்காகிறது. 30% வரம்பில் இருப்பவருக்கு ஒரு லட்சம் வந்தால், வரியின் மேல் வரும் செஸ்ஸோடு சேர்த்து ரூ.31,200 போய்விடும். இத்தனைக்கும் டிவிடெண்ட் தனியாக வரும் லாபம் இல்லை. ஒரு யூனிட்டின் மதிப்பான என்.ஏ.வி. ரூ.50 இருக்கும்போது 5 ரூபாய் கொடுத்தால் என்.ஏ.வி. 45-க்கு இறங்கும்.

அதே ஒரு லட்சத்தைக் குரோத்திலிருந்து எடுத்துப் பாருங்கள். மொத்தமாகப் போட்ட 10 லட்சம் 12 லட்சமாகியிருக்கிறது என்றால், எடுக்கும் ஒரு லட்சத்தில் லாபம் ரூ.16,667 மட்டும்தான்; மீதி நீங்கள் போட்ட முதல். ஓராண்டு தாண்டியிருந்து, அந்த ஆண்டு வேறு மூலதன ஆதாயமும் இல்லை என்றால் வரி பூஜ்யம். மாதாமாதம் பணம் வேண்டும் என்று டிவிடெண்டைத் தேடுபவர்கள், குரோத்தில் எஸ்.டபிள்யூ.பி. (மாதாமாதம் கொஞ்சம் யூனிட்டை விற்றுப் பணம் தரும் வசதி) போட்டால் என்ன வரும் என்று முதலில் கணக்குப் பார்க்க வேண்டும்.

இருப்பதிலேயே மோசம் டிவிடெண்ட் மறுமுதலீடுதான். பணம் கைக்கே வராது, வரி மட்டும் வரும். ஆண்டுக்கு ரூ.10,000-ஐத் தாண்டினால் 10% டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடித்துக்கொண்டு மிச்சத்துக்குத்தான் யூனிட் தருவார்கள். அந்த யூனிட்டுக்கு 12 மாதக் கணக்கும் புதிதாகத் தொடங்கும். நீண்டகாலம் சேர்க்க நினைப்பவர் இதில் இருக்கவே கூடாது.

2023 ஏப்ரல் 1 முதல் வாங்கிய கடன் ஃபண்டுகளில் வித்தியாசம் குறைவு; இரண்டுக்குமே வரம்புப்படிதான் வரி. ஆனாலும் குரோத்தில் எந்த ஆண்டு வரி கட்டுவது என்பது நம் கையில். ஓய்வுபெற்று வருமானம் குறைந்த பிறகு விற்கலாம்.

சரி, டிவிடெண்ட் யாருக்குமே ஒத்துவராதா? புதிய வரி முறையில் மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால், 2025-26 முதல், தள்ளுபடி காரணமாக டிவிடெண்டுக்கு வரி வராது. பங்கு ஃபண்டின் நீண்டகால லாபத்துக்கு அந்தத் தள்ளுபடி கிடையாது. அப்படிப்பட்டவருக்கு வரியில் நஷ்டமில்லை. ஆனால் எப்போது, எவ்வளவு தருவது என்பதை ஃபண்ட்தான் முடிவு செய்யும்.

ஏற்கெனவே டிவிடெண்டில் இருப்பவர்கள் அவசரப்பட்டு மொத்தத்தையும் மாற்றிவிடாதீர்கள். ஒரே ஃபண்டுக்குள் குரோத்துக்கு மாறினாலும் அது விற்பனையாகவே கருதப்படும். பங்கு ஃபண்டானால், ஆண்டுதோறும் அந்த ரூ.1.25 லட்சத்துக்குள் லாபம் அடங்கும்படி, ஓராண்டு முடிந்த யூனிட்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றலாம்.