கடைசிச் சரிவிலிருந்து தொடங்கிய குவாரித் திட்டம்

கிராவல் குவாரியில் மேற்பார்வை என் வேலை. எப்படி வெட்டுவது, ஆளுக்கும் வண்டிக்கும் என்ன பாதுகாப்பு, வெட்டி முடித்த நிலத்தை எப்படிச் சீராக்குவது எல்லாம் சேர்த்து முழுத் திட்டமாக ஓர் ஆலோசனை நிறுவனத்திடம் எழுதி வாங்கினோம். குறையும் சொல்லப்போவதால் பெயர் வேண்டாம்.

திட்டத்தின் முதல் வரைபடமே குவாரி மூடியபின் நிலம் எப்படி இருக்கும் என்பதுதான். நான் பார்த்த மற்ற திட்டங்களில் அது கடைசித் தாளில் இருக்கும். நாலு மரத்தை வரைந்து ‘புல் விதைக்கப்படும்’ என்று எழுதி முடித்திருப்பார்கள். இவர்கள் கடைசிச் சரிவை முதலில் போட்டுவிட்டு, எல்லைக்கு எவ்வளவு தூரம் முன்னால் வெட்டை நிறுத்த வேண்டும் என்று அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டிருந்தார்கள்.

கணக்கு இப்படி. வெட்டுச் சுவர் 10 மீட்டர் உயரம். கடைசியில் வேண்டிய சரிவு, 3 மீட்டர் நடந்தால் 1 மீட்டர் இறங்குகிற அளவு. எல்லைக் கோடு வரை செங்குத்தாக வெட்டிவிட்டால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 150 கன மீட்டர் மண்ணை எங்கிருந்தாவது கொண்டுவந்து கொட்ட வேண்டும். எல்லைக்கு 15 மீட்டர் முன்பே நிறுத்தினால், மேல்பாதியைச் சீவிக் கீழ்ப்பாதியில் தள்ளினாலே சரிவு வந்துவிடும்: 37.5 கன மீட்டர்தான், புல்டோசர் ஒன்று போதும். 200 மீட்டர் நீளச் சுவருக்கு 30,000 கன மீட்டரா, 7,500-ஆ என்பதுதான் கேள்வி. ‘15 மீட்டர் சரக்கு போச்சே’ என்று முகம் சுளித்த முதலாளி இந்தப் பக்கத்தைப் படித்தபின் அதைப் பற்றிப் பேசவில்லை. இந்த ஒரு பக்கத்துக்காகவே சேவையை எடுக்கலாம் என்பேன்.

மேல்மண் விஷயத்திலும் நன்றாக யோசித்திருக்கிறார்கள். ஒரு ஹெக்டேரில் 30 சென்டிமீட்டர் மேல்மண் என்றால் 3,000 கன மீட்டர். அதை மலைபோல் குவித்தால் உள்ளே காற்று போகாது. விதையும் நுண்ணுயிரும் செத்துவிடும். அதனால் நிலத்தைப் பட்டை பட்டையாகப் பிரித்து, புதிதாகத் திறக்கும் பட்டையின் மேல்மண்ணை, வெட்டி முடித்த பட்டையில் நேராகக் கொண்டுபோய்ப் பரப்பச் சொல்கிறார்கள். குவித்தே ஆக வேண்டுமென்றால் 2 மீட்டருக்கு மேல் கூடாது, மேலே வண்டி ஏறக் கூடாது, மண் ஈரமாக இருக்கும்போது தொடவே கூடாது. பரப்புவதற்கு முன் டிப்பர் ஓடி இறுகிய அடித்தளத்தை ஆழமாகக் கிளறிவிடவும் சொல்லியிருக்கிறார்கள். கிளறாவிட்டால் தண்ணீரும் வேரும் இறங்காது.

பாதுகாப்புப் பகுதியை எழுதியவர் களத்துக்கு வந்தவர் என்று படித்தாலே தெரிகிறது. உதிரிக் கிராவல் தானாகச் சரிந்து நிற்பது சுமார் 30 முதல் 35 டிகிரியில். ஆனால் புதிதாக வெட்டிய சுவர், உள்ளிருக்கும் ஈரத்தாலும் கொஞ்சம் களியாலும் செங்குத்தாக நிற்கும். காய்ந்ததும் சத்தமில்லாமல் உதிரும். அதனால் பொக்லைனின் கை எட்டும் உயரத்துக்கு மேல் சுவர் கூடாது, அடியைக் குடையவும் கூடாது என்று காரணத்தோடு எழுதியிருக்கிறார்கள். பாதை ஓரத்து மண்மேடு, ஓடுகிற வண்டிகளில் பெரிய சக்கரத்தின் பாதி உயரமாவது இருக்க வேண்டும். அதற்காக எங்கள் வண்டிகளின் சக்கரத்தை டேப் வைத்து அளந்துகொண்டு போனார்கள். குவியலின் விளிம்பு வரை டிப்பரைப் பின்னால் எடுக்கக் கூடாது, முன்பே கொட்டிவிட்டுத் தள்ள வேண்டும். கீழே லோடர் அள்ளிக்கொண்டே இருந்தால் மேல்விளிம்பு எதன்மேல் நிற்கிறது என்பது டிரைவருக்குத் தெரியாதே!

தூசி, சத்தம் பற்றிய பக்கங்கள் எல்லாத் திட்டத்திலும் இருப்பவைதான். நடுவில் வெடி வைப்பதற்கான விதிமுறைகளும் விலாவாரியாக இருந்தன. கிராவலுக்கு எதற்கய்யா வெடி? கல் குவாரித் திட்டம் ஒன்றிலிருந்து அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். கேட்டதும் எடுத்துவிட்டார்கள்.

பெரிய குறை வண்டல் குட்டையில். கிராவலைக் கழுவும் தண்ணீரோடு போகும் நுண்மண் அங்கே படிகிறது. மேலே காய்ந்து ஓடு கட்டிவிடும். அடியில் ஆண்டுக்கணக்கில் குழம்பாகவே கிடக்கும். தரை என்று நம்பிக் கால் வைத்தால் ஆளையே இழுத்துக்கொள்ளும். குவாரியில் எனக்கு மிகப் பயமான இடம் இதுதான். திட்டத்தில் ‘நிரம்பியபின் மேல்மண் பரப்பப்படும்’ என்று ஒரே வரி. பரப்பப் போகும் டோசர் எதன்மேல் நிற்கும்? விடாமல் கேட்டபிறகு திருத்தம் வந்தது: குட்டையை இரண்டாகப் பிரித்து ஒன்று நிரம்பும்போது மற்றதை வடியவிடுவது, சுற்றிலும் வேலி, எச்சரிக்கைப் பலகை, மிதவை வளையம். உறுதியாகிவிட்டதா என்று யார், எப்படிச் சோதித்துச் சொல்வது என்பது திருத்தத்திலும் இல்லை.

நிலத்தடி நீர்மட்டத்தையும் வறண்ட காலத்தில் ஒரே ஒரு முறை அளந்துவிட்டு, குழியின் அடிமட்டத்தை முடிவு செய்திருந்தார்கள். மழைக்காலத்தில் நீர் ஏறாதா? இப்போது நாங்களே கண்காணிப்புக் குழாய் இறக்கி அளந்து வருகிறோம். அந்த அளவைக் கொடுத்தால் அடிமட்டத்தைத் திருத்தித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

இதே மாதிரிச் சேவையை எடுப்பவர்கள் இரண்டை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். ஒன்று, நாம் திருத்தக்கூடிய வடிவில் வரைபடங்கள். மற்றது, பொக்லைன் ஓட்டுநர் கேபினில் ஒட்டிக்கொள்ள, சுவர் உயரமும் போகக் கூடாத இடங்களும் படமாகப் போட்ட ஒற்றைத் தாள். கேட்டால் தருகிறார்கள். கேட்காவிட்டால் தடிமனான பைல் மட்டும்தான் வரும், அது ஆபீஸ் அலமாரியை விட்டு இறங்காது.