வீட்டு நிலநடுக்கமானி: ஆறு மாதம் ஓட்டிப் பார்த்ததில்

பெட்டியைப் பிரித்ததும் 'இவ்வளவுதானா?' என்றிருந்தது. கைக்குள் அடங்கும் டப்பா. உள்ளே ஒரு காந்தம், மெல்லிய வில்லில் தொங்கும் கம்பிச்சுருள். தரை அசைந்தால் காந்தமும் சேர்ந்து ஆடும், சுருள் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். அந்த இழுபறியில் பிறக்கும் மின்சாரம்தான் திரையில் கோடாக ஓடுகிறது.

முதலில் மாடி அலமாரியில் வைத்தேன். தப்பு. வாஷிங் மெஷின் சுற்றுவதும் பேத்தி ஸ்கிப்பிங் ஆடுவதும்தான் பதிவாயின. கீழ்த்தள மூலையில், வெறும் தரையில் வைத்த பிறகுதான் கோடு அடங்கியது.

ஒரு ராத்திரி கோடு சின்னதாகத் துடித்தது. சரியாக 23 விநாடி கழித்துப் பெரிதாக எகிறியது. முதலில் வந்தது வேகமாக ஓடும் பி அலை, பின்னால் வந்தது மெதுவாக வரும் எஸ் அலை. இடைவெளியை எட்டால் பெருக்கினால் தூரம் தோராயமாகக் கிலோமீட்டரில் வந்துவிடும்: 184. வீட்டில் யாரும் புரண்டுகூடப் படுக்கவில்லை, நான் மட்டும் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தேன். வாங்கியதற்கு அது போதும். ஆனால் இந்த மாடல் மேலும் கீழுமான அசைவை மட்டுமே பிடிக்கிறது. எஸ் அலை பெரும்பாலும் பக்கவாட்டில் உலுக்குவது, அதனால் அது தொடங்கும் புள்ளி எப்போதும் இவ்வளவு தெளிவாகத் தெரியாது.

கோபமெல்லாம் கூடவே வரும் ஆப் மேல்தான். எந்த நடுக்கமானாலும் 'ரிக்டர்' என்று போடுகிறது. சார்லஸ் ரிக்டர் என்ற விஞ்ஞானி 1935-இல் தெற்குக் கலிபோர்னியாவுக்காக, ஒரு குறிப்பிட்ட கருவியின் பதிவை வைத்து உருவாக்கிய அளவு அது. பெரிய நடுக்கங்களுக்கு அது எட்டாது. அவற்றுக்கு இப்போது மொமென்ட் மேக்னிட்யூட்தான்: பூமிக்குள் பிளவில் எவ்வளவு பரப்பு நழுவியது, எத்தனை மீட்டர் நழுவியது, பாறை எவ்வளவு விறைப்பானது என்பதையெல்லாம் வைத்துப் போடும் கணக்கு. முதலில் சொன்ன எண் அப்புறம் மாறுவது சகஜம். 2011-இல் ஜப்பானில் முதல் கணிப்பு 7.9, கடைசியில் 9.0. மாறட்டும், ஆனால் மாறியது என்று ஒரு வரி போடக்கூடாதா? இந்த ஆப் சத்தமில்லாமல் திருத்திவிடுகிறது.

அதைவிடப் பெரிய குறை, ஒவ்வோர் இடத்திலும் குலுக்கல் எவ்வளவு என்று சொல்லும் மெர்கல்லி அளவே இல்லை. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் அருகே 2010 செப்டம்பரில் 7.1. அடுத்த பிப்ரவரியில் வந்தது 6.2 தான், ஆனால் நகரத்தை ஒட்டி, ஆழமில்லாமல். 185 பேர் இறந்தார்கள். எந்த ஊர் எவ்வளவு குலுங்கியது என்று காட்டாமல் ஒற்றை எண்ணைக் கொட்டை எழுத்தில் போட்டு என்ன செய்ய?

டப்பாவுக்கு நான்கு நட்சத்திரம், ஆப்புக்கு ஒன்றரை. மூன்று திசையும் பிடிக்கும் மாடல் வந்தால் மாற்றிக்கொள்வேன்.