கண்டிப்பான இந்தியத் தனியார் பள்ளியா, அரசாங்கப் பள்ளியா: நாங்கள் போட்ட கணக்கு

மூன்று ஆண்டுகளுக்கு முன் மகளை முதல் வகுப்பில் சேர்க்கும் வேளையில், சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் எங்கள் அடுக்குமாடி புளோக்கிலிருந்து நடந்தே போகக்கூடிய ஓர் அரசாங்கப் பள்ளியில் இடம் கிடைத்திருந்தும், முக்கால் மணி நேரப் பேருந்துப் பயணத்துக்கு அப்பால் இந்திய மத்தியக் கல்வி வாரியமான சிபிஎஸ்இயின் பாடத்திட்டத்தைப் பழைய முறைக் கண்டிப்புடன் நடத்தும் ஒரு தனியார் பள்ளியைத் தேர்ந்தெடுத்தோம். இங்கு எழுதுவது எங்களைப் போல் வேலை அனுமதியில் வந்தவர்களுக்கும், ஓரளவு நிரந்தரவாசிகளுக்கும் பொருந்தும். 2003 முதல் நடப்பில் உள்ள கட்டாயக் கல்விச் சட்டத்தின்படி, குடிமக்களின் பிள்ளைகள் விலக்குப் பெற்றாலன்றித் தேசியத் தொடக்கப் பள்ளியில்தான் படிக்க வேண்டும்.

கட்டணத்தில் தனியார் பள்ளி கூடுதல் என்பதைச் சொல்லத் தேவையில்லை. தமிழைப் பொறுத்தவரை அரசாங்கப் பள்ளிக்கே என் வாக்கு: தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வின் நான்கு பாடங்களில் தாய்மொழியும் ஒன்று என்பதால், வாய்மொழித் தேர்வுக்காகவேனும் பிள்ளை நல்ல பேச்சுத்தமிழில் பேசிப் பழகுகிறது. என் மகள் தமிழைப் பிழையின்றி எழுதுகிறாள். பேசச் சொன்னால்தான் தயங்குகிறாள்.

கண்டிப்பைப் பற்றிப் பெற்றோரிடையே இருவகைக் கருத்து உண்டு. அரசாங்கப் பள்ளிகளில் தொடக்கநிலை ஒன்றிலும் இரண்டிலும் 2019 முதல் தேர்வே இல்லை; அரையாண்டுத் தேர்வுகளும் 2023க்குள் எல்லா நிலைகளிலும் நீக்கப்பட்டன. மகளின் பள்ளியிலோ வாரந்தோறும் சோதனை, காலையில் வாய்ப்பாடு ஒப்பித்தல், ஓரக்கோடு கோணலானால் அந்தப் பக்கத்தையே மறுபடி எழுதுதல். சொல்வதெழுதுதலில் தவறிய ஒவ்வொரு சொல்லையும் ஐந்து முறை எழுதி, என் கையொப்பத்துடன் மறுநாள் காட்ட வேண்டும். முதல் ஆண்டு இது எனக்கே மிகையாகத் தோன்றியது. இப்போது அவள் நோட்டுப் புத்தகத்தைப் பார்க்கையில் அப்படித் தோன்றுவதில்லை.

ஆனால் முடிவைத் தீர்மானித்தது கண்டிப்பு அன்று, ஊர் திரும்ப நேர்ந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி. வேலை போனால், அனுமதி அட்டை ரத்தானபின் குடும்பத்துக்குப் பொதுவாக 30 நாள்தான் அவகாசம். என் அலுவலக நண்பர் ஒருவர் ஆகஸ்ட் மாதத்தில் அப்படித் திருச்சிக்குத் திரும்பினார். இங்குப் பிள்ளைகள் ஏழு வயது நிறையும் ஆண்டின் ஜனவரியில் தொடக்கநிலை ஒன்றில் சேர்கிறார்கள். அங்கோ அதற்கு முன்பே முதல் வகுப்பு தொடங்கிவிடுகிறது. எனவே தொடக்கநிலை நான்கில் படித்துக்கொண்டிருந்த அவர் மகனுக்கு, ஒத்த வயதினர் ஐந்தாம் வகுப்பில் இருக்க, நான்காம் வகுப்பிலேயே இடம் தந்தார்கள். இந்தியும் அவனுக்குப் புதிது. மகளின் பள்ளியிலிருந்து அதே ஆண்டு கோயம்புத்தூருக்குப் போன சிறுமியோ, அங்கும் ஏப்ரலில் தொடங்கிய அதே வகுப்பில், அதே என்சிஇஆர்டி அறிவியல் புத்தகத்தில் விட்ட பாடத்திலிருந்து தொடர்ந்தாள்.

எதிர்த்திசையில் வழி குறுகலானது. தனியார் பள்ளியிலிருந்து அரசாங்கப் பள்ளிக்கு மாற விரும்பும் வெளிநாட்டுப் பிள்ளை ஆங்கிலத்திலும் கணிதத்திலும் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். தேறினாலும், காலியிடம் இருக்கும் பள்ளியையே ஒதுக்குவார்கள், தொடக்கநிலை ஆறில் சேரவும் முடியாது. இங்கேயே நிலைத்திருக்கப் போகிறோம் என்று உறுதியாகத் தெரிந்த குடும்பத்துக்கு என் வாதம் தலைகீழாகிவிடும். அவர்கள் அரசாங்கப் பள்ளியில் தொடக்கத்திலேயே சேர்ப்பதுதான் சரி.

மகள் இப்போது நான்காம் வகுப்பில்தான் இருக்கிறாள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் நெருக்கடியை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை என்பதால், மேல்வகுப்புகளைப் பற்றி நான் சொல்வதைவிட அங்கே பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் சொல்வதே நம்பத்தக்கது. நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பித்திருக்கிறோம், அது கிடைத்தால் இந்தக் கணக்கை மறுபடி போடுவோம். அதுவரை காலை ஆறேகாலுக்குப் புளோக்கின் கீழ், பாதித் தூக்கத்தில் இருக்கும் மகளோடு பள்ளிப் பேருந்துக்காக நிற்க வேண்டியதுதான்.