சிஸிஜி டேபிள்பேஸ்: 1 ஜிபி போதுமா, 150 ஜிபி வேண்டுமா?

கோபிசெட்டிபாளையத்தில் சாயந்திரம் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லித் தருகிறேன். ஈரோடு, பெருந்துறை, நாமக்கல் என்று ஞாயிற்றுக்கிழமை போட்டிகளுக்குப் போகும் பெற்றோர் அடிக்கடி கேட்பது இது: "எண்ட்கேம் டேபிள்பேஸ் போட்டாத்தான் இன்ஜின் நல்லா ஆடுங்களா சார்?" டேபிள்பேஸ் என்பது, பலகையில் சில காய்களே மிஞ்சும் நிலைகளுக்கெல்லாம் முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்த விடைத் தொகுப்பு. அதில் ஒன்றான சிஸிஜியைச் சில வருஷமாக வைத்துப் புழங்குகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இன்ஜினுக்காக என்றால் வேண்டாம். செஸ் ஆடும் இன்ஜின் நிரலான ஸ்டாக்ஃபிஷ் இப்போதிருக்கும் பலத்துக்கு, இதைச் சேர்ப்பதால் பெரிதாக எதுவும் ஏறிவிடாது. எண்ட்கேம் படிக்கிற ஆளுக்குத்தான் இது வேண்டும்.

முதலில் இடக் கணக்கு. இரண்டு ராஜாக்களையும் சேர்த்து 5 காய் வரை சுமார் 1 ஜிபி. 6 காய்க்கு 150 ஜிபி. 7 காய்க்கு 17 டிபி பக்கம். ஒரு காய் கூடினால் நூறு மடங்குக்கு மேல் வீங்குகிறது. இதுவே சிக்கனம்தான். நலிமோவ் என்ற பழைய டேபிள்பேஸ் 5 காய்க்கே 7 ஜிபி கேட்கும். 6 காய்க்கு 1 டிபியைத் தாண்டும். 2012இல் மாஸ்கோவில் உருவான லொமொனோசோவ் 7 காய்க்கு 140 டிபி!

2013இல் சிஸிஜியைக் கொண்டுவந்த ரொனால்ட் டி மான் இடத்தை மிச்சம் பிடித்ததற்கு ஒரு விலை உண்டு. இத்தனை நகர்வில் மேட் என்று நலிமோவ் சொல்லும், சிஸிஜி சொல்லாது. ஒரு வகைக் கோப்பில் வெற்றியா, டிராவா, தோல்வியா என்பது மட்டும் இருக்கும். இன்னொன்றில், அடுத்த வெட்டுக்கோ சிப்பாய் நகர்வுக்கோ எவ்வளவு தூரம் என்ற கணக்கு. வெட்டோ சிப்பாய் நகர்வோ இல்லாமல் இருவரும் 50 நகர்வு ஆடிவிட்டால் டிரா கேட்கலாம் என்ற 50 நகர்வு விதிக்கு அது போதும், ஆனால் பிள்ளைகளுக்குக் குழப்பம். ராணியும் சிப்பாயும் இருக்க எதிரில் தனி ராஜா என்று வையுங்கள். சிப்பாயை அந்த ராஜா வெட்டும்படி ஒரு கட்டம் தள்ளுவதும் இந்தக் கணக்கில் முதல்தர நகர்வுதான், ராணியை வைத்தே ஜெயித்துவிடலாமே! "ஏனுங் சார், சும்மா எதுக்குங் குடுக்கறது?" என்று ஒரு பையன் கேட்டான். கேள்வி நியாயம்தான் கண்ணு. தனியாகத் திறந்து பார்த்தால்தான் இந்தக் கூத்து; இன்ஜினோடு சேர்த்து ஓட்டினால் அது தானே தேடி ஒழுங்கான வழியைக் காட்டிவிடும்.

எனக்கு 6 காய் தொகுப்பு வசதி என்று தோன்றியது ரூக் எண்ட்கேமில். ஒரு பக்கம் ரூக்கோடு எஃப், எச் வரிசைச் சிப்பாய்கள், மறுபக்கம் வெறும் ரூக். பெரும்பாலும் டிராதான், ஆனால் காக்கிறவனுக்கு நாக்குத் தள்ளிவிடும். இன்ஜின் பாட்டுக்கு ஏதோ ஒரு பிளஸ்ஸைக் காட்டிக்கொண்டே இருக்கும். டேபிள்பேஸைத் திறந்தால் ஒரே ஒரு நகர்வு டிரா, மற்றதெல்லாம் தோல்வி என்று பிரித்துப் போட்டுவிடுகிறது. அந்த ஒற்றை நகர்வு ஏன் காக்கிறது என்று பிள்ளைகளை யோசிக்க விட்டாலே வகுப்பு நேரம் போய்விடும். இரண்டு பிஷப்புக்கு எதிராகக் குதிரை என்ற 5 காய் ஆட்டத்தையும் காட்டுவேன். ஒழுங்காகக் காத்தால் டிரா என்றுதான் நூறு வருஷத்துக்கு மேல் நம்பிக்கொண்டிருந்தார்கள். 1983இல் கென் தாம்ப்சனின் கம்ப்யூட்டர் அது வெற்றி என்று காட்டியது. ஆனால் குதிரையைப் பிடிக்கவே சில நிலைகளில் 66 நகர்வு ஆகும். 50 நகர்வு விதியில் அந்த வெற்றி செல்லாது.

150 ஜிபியை எங்கே வைப்பது? வெற்றி-டிரா-தோல்விக் கோப்புகள் சுமார் 68 ஜிபி. இன்ஜின் தேடும்போது இவற்றைத்தான் ஓயாமல் புரட்டும், ஆகவே எஸ்எஸ்டி கட்டாயம். பழைய யுஎஸ்பி ஹார்டு டிஸ்கில் வைத்து ஓட்டினால் இன்ஜின் வேகம் படுத்துவிடுகிறது. மீதி 82 ஜிபி, அதாவது தூரக் கணக்குக் கோப்புகள், ஹார்டு டிஸ்கிலேயே கிடக்கலாம். முன்னால் இருக்கும் நிலைக்கு மட்டும்தான் அது தேவைப்படும்.

இறக்குவதுதான் பெரும்பாடு. 40 எம்பிபிஎஸ் லைனில் தடங்கலே இல்லாமல் வந்தாலும் எட்டு மணி நேரத்துக்கு மேல். எங்கள் பக்கம் நடுவில் கரண்ட் போகாமல் இருந்தால் அதிசயம். மொத்தம் வந்துவிட்டால் ஸ்டாக்ஃபிஷ் 510 டேபிள்பேஸ் என்று எண்ணிக்கை காட்டும் (5 காய் வரை மட்டும் என்றால் 145). எண்ணிக்கை சரியாக இருந்தாலும் ஏதாவது ஒரு கோப்பு கெட்டுப்போயிருக்கலாம். செக்சம்மை (கோப்பின் சரிபார்ப்பு எண்ணை) ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

7 காய்க்கு டிஸ்க் வாங்கலாமா என்று கேட்டால் வேண்டவே வேண்டாம். லிசெஸ் தளத்தில் அது இலவசமாகவே கிடைக்கிறது; நிலையை வைத்தால் பதில் வந்துவிடும். போட்டிக்குப் போகிற பிள்ளைக்கு, ஆண்ட்ராய்டு போனில் டிராய்ட்ஃபிஷ் என்ற செஸ் ஆப்பைப் போட்டு அந்த 1 ஜிபியை மெமரி கார்டில் ஏற்றிக் கொடுத்தால் போதும். ஆட்டம் முடிந்து வெளியே வந்ததும் நெட் இல்லாமலே பார்த்துக்கொள்ளலாம்.