கிரில்லில் பீட்சா: கம்பியிலா, கல்லிலா?

வெளியில் வைக்கும் கிரில் அடுப்பில் பீட்சா சுட இரண்டு வழிகள்: மாவை நேரே கம்பிமேல் போடுவது, அல்லது பீட்சா கல் என்னும் தட்டையான கல் பலகையைக் காயவைத்து அதன்மேல் சுடுவது.

கம்பி வழியைப் புகழ்பெறச் செய்தது, அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் 1980இல் திறக்கப்பட்ட அல் ஃபோர்னோ உணவகம். மாவை மெல்லியதாக இழுத்து, எண்ணெய் தடவிக் கம்பியில் போட்டால் சற்று நேரத்திலேயே மேற்புறம் கொப்புளிக்கும். அடியில் கருங்கோடுகள் விழுந்ததும் திருப்பிப் போட்டு, வெந்த பக்கத்தில்தான் சாஸும் சீஸும். அள்ளி வைத்தால் கெட்டது. சீஸ் உருகுவதற்குள் அடி கரிந்துவிடும். எல்லாவற்றையும் நறுக்கி, துருவிக் கையருகே வைத்துக்கொள்ளாமல் மாவைத் தொடாதீர்கள்.

கல்லுக்குப் பொறுமை வேண்டும். கிரில் குளிர்ந்திருக்கும்போதே வைத்து, மூடி போட்டு 30 முதல் 45 நிமிடம் காயவிட வேண்டும். எரியும் நெருப்பில் திடீரென வைத்தால் விரிசல் விடும். அடி சீராக வேகும், திருப்பும் வேலையில்லை. ஆனால் மேற்புறம் வேகத் தாமதமாகும். மூடியைத் திறந்து திறந்து பார்ப்பவர்களுக்கு இன்னும் மோசம்.

காளான், கோழி என்று நிறையத் தூவ ஆசைப்பட்டால் கல். எனக்குக் கம்பிதான்: அந்தப் புகை மணம் கல்லில் ஏறுவதில்லை. கல்தான் வேண்டுமென்றால் சமையலறை ஓவனிலேயே சுட்டுக்கொள்ளலாமே!